வானிலிருந்து நிலத்தைப் பார்த்தல்: ட்ரோன்களும் மலைநாட்டு நில முகாமைத்துவமும்



க.பொ.த. சாதாரண தரப் புவியியலில் இடவிளக்கப் படம், மண்சரிவு, மண்ணரிப்பு, காடழிப்பு ஆகியவற்றை நீங்கள் தனித்தனி அலகுகளாகப் படிக்கின்றீர்கள். இவை நான்கையும் ஒன்றாக இணைக்கும் கருவி ஒன்று இன்று எமது தலைக்கு மேலே பறக்கின்றது. அதுவே ட்ரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தியாகும்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உயிரிழப்பு மிக அதிகமாக இருந்த மாவட்டங்களுள் எமது கண்டி மாவட்டமும் ஒன்றாகும். அதன்பின் வகுப்பு மீண்டும் தொடங்கிய நாளில், பன்வில பக்கத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருவர், “சேர், எங்க லயத்துக்குப் பின்னுக்கு மண்ணுல ஒரு வெடிப்பு இருக்கு. அது மெப்புல இருக்குமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னால் ஒரே வரியில் பதில் கூற முடியவில்லை. இக்கட்டுரையைப் படித்து முடிக்கும்போது நீங்களே அதற்கு விடை எழுதக்கூடியவர்களாக இருப்பீர்கள்.

1. ட்ரோன் என்றால் என்ன?

விமானி உள்ளே அமராமல், தரையிலிருந்து வானொலி அலைகள் மூலமோ, முன்கூட்டியே பதிவுசெய்யப்பட்ட பாதையிலோ இயங்கும் வானூர்தி ட்ரோன் ஆகும். நில அளவைக்கும் சூழல் கண்காணிப்புக்கும் பயன்படும் ட்ரோன்கள் பிரதானமாக இரு வகைப்படும்.

(அ) நிலைத்த இறக்கை ட்ரோன்: சிறிய விமானம் போன்றது. அதிக நேரம் பறக்கும். பெரிய பரப்பைப் படம்பிடிக்க ஏற்றது. ஆனால் இறங்குவதற்குத் திறந்த வெளி வேண்டும்.

(ஆ) பல்சுழலி ட்ரோன்: நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட சுழலிகளைக் கொண்டது. நின்ற இடத்திலிருந்தே மேலெழும். ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கும். சமதரை குறைந்த மலைநாட்டுக்கு இதுவே பெரிதும் பொருந்தும். ஆனால் சாதாரணமாக ஒரு மின்கலத்தில் 20 முதல் 30 நிமிடங்கள் வரையே பறக்கும்.

விஞ்ஞான பாடத்தில் கற்ற நியூற்றனின் மூன்றாம் விதியை இங்கு நினைவுகூருங்கள். சுழலிகள் வளியைக் கீழ்நோக்கித் தள்ளுகின்றன. வளி ட்ரோனை மேல்நோக்கித் தள்ளுகின்றது. நான்கு சுழலிகளுள் இரண்டு வலஞ்சுழியாகவும் இரண்டு இடஞ்சுழியாகவும் சுழல்வதால் ட்ரோனின் உடல் தானே சுழலாமல் நிலையாக நிற்கின்றது.

ட்ரோனில் உள்ள ஜீ.பி.எஸ். வாங்கி செய்மதிகளிலிருந்து வரும் சமிக்ஞைகளைக் கொண்டு தனது இருப்பிடத்தைக் கணிக்கின்றது. அகலாங்கு, நெட்டாங்கு, உயரம் ஆகிய மூன்றையும் அறிய ஆகக்குறைந்தது 4 செய்மதிகளின் சமிக்ஞைகள் தேவை. எடுக்கப்படும் ஒவ்வொரு படத்துடனும் இந்த இருப்பிடமும் பதிவாகின்றது. கலியாண வீட்டில் பறக்கும் ட்ரோன் எடுக்கும் படத்திற்கும் அளவைக்காக எடுக்கப்படும் படத்திற்கும் உள்ள வேறுபாடு, பின்னையதில் இந்த இருப்பிடம் கணக்கில் எடுக்கப்பட்டு வரைபடமாக மாற்றப்படுவதே ஆகும்.

2. நிலத்தை அளந்த வழிகள்

இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800 ஆகஸ்ட் 2ஆந் திகதி நிறுவப்பட்டது. தொடக்கத்தில் அளவையாளர்கள் சங்கிலியையும் கோணமளக்கும் கருவியையும் தூக்கிக்கொண்டு காடு மலையெல்லாம் நடந்தே அளந்தனர். பின்னர் வான்படங்கள் வந்தன. 1956இல் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடாவின் உதவியுடன் நாட்டின் வான்படங்கள் எடுக்கப்பட்டன. அக்காலக் காடு எங்கே இருந்தது, எந்தச் சரிவில் பழைய மண்சரிவின் தழும்பு உள்ளது என்பதை அறிய இப்படங்கள் பிற்காலத்தில் உதவின.

அடுத்து வந்தவை செய்மதிப் படங்கள். இவற்றை ட்ரோன் படங்களுடன் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும்.

செய்மதி: மிகப் பெரிய பரப்பை ஒரே தடவையில் காட்டும். லான்ட்சாற் செய்மதிப் படத்தில் ஒரு படப்புள்ளி தரையில் 30 மீற்றர்; சென்ரினல்-2 படத்தில் 10 மீற்றர். குறித்த சில நாட்களுக்கு ஒருமுறை மீண்டும் அதே இடத்துக்கு மேலாக வரும். முகில் இருந்தால் சாதாரணச் செய்மதிப் படத்தில் நிலம் தெரியாது. ராடார் செய்மதிகள் மாத்திரம் முகிலை ஊடுருவிப் பார்க்கும்.

ஆளுள்ள விமானம்: தெளிவான படம் கிடைக்கும், ஆனால் செலவு அதிகம். அதனால் அடிக்கடி பறக்க முடியாது.

ட்ரோன்: சிறிய பரப்பை மாத்திரமே காட்டும். ஆனால் படப்புள்ளி சில சென்ரிமீற்றர் அளவே. முகிலுக்குக் கீழே பறக்கும். வேண்டிய நாளில், வேண்டிய இடத்தில் பறக்கவிடலாம்.

நினைவில் கொள்க: ட்ரோன் செய்மதிக்குப் பதிலீடு அல்ல. செய்மதி எங்கே பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லும். ட்ரோன் அங்கே போய்ப் பார்க்கும்.

3. படம் எவ்வாறு வரைபடமாகின்றது?

உங்கள் கையை முகத்துக்கு முன் நீட்டி, ஒரு கண்ணை மூடியும் மறு கண்ணை மூடியும் மாறி மாறிப் பாருங்கள். விரல் இடம் மாறுவது போலத் தெரியும். இரு கண்களும் இரு இடங்களிலிருந்து பார்ப்பதால் மூளை தூரத்தை உணர்கின்றது. ட்ரோனும் இவ்வாறே ஒரே இடத்தைப் பல இடங்களிலிருந்து படம்பிடிக்கின்றது. கணினி அப்படங்களைப் பொருத்தி, ஒவ்வொரு புள்ளியினதும் உயரத்தைக் கணிக்கின்றது. இதற்காக அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று கவிய வேண்டும். இதனை மேற்கவிவு எனலாம்.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். அளவைக்குப் பயன்படும் ஒரு ட்ரோன் கமரா 100 மீற்றர் உயரத்திலிருந்து தரையில் 150 மீற்றர் அகலமும் 100 மீற்றர் நீளமும் கொண்ட பகுதியைப் படம்பிடிக்கின்றது எனக் கொள்வோம். படத்தின் அகலத்தில் 5472 படப்புள்ளிகள் உள்ளன.

ஒரு படப்புள்ளியின் தரை அளவு = 150 மீ ÷ 5472 = 0.0274 மீ, அதாவது ஏறத்தாழ 2.7 செ.மீ.

பறக்கும் திசையில் மேற்கவிவு 80% எனின், 100 மீற்றரில் 20%, அதாவது 20 மீற்றருக்கு ஒரு படம் எடுக்க வேண்டும். பக்கவாட்டில் மேற்கவிவு 70% எனின், 150 மீற்றரில் 30%, அதாவது 45 மீற்றர் இடைவெளியில் பறத்தற் கோடுகள் அமைய வேண்டும். ஆகவே ஒவ்வொரு படமும் புதிதாகச் சேர்க்கும் பரப்பு 20 × 45 = 900 சதுர மீற்றர். 10 ஹெக்டேயர் தேயிலை மலைக்கு 1,00,000 ÷ 900 = ஏறத்தாழ 111 படங்கள் தேவை. செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் பறந்தால் இது 8 நிமிடத்துக்குட்பட்ட வேலை. திரும்பும் நேரத்தைச் சேர்த்தாலும் ஒரு மின்கலம் போதும்.

ஆனால் பன்விலையில் சமதரை எங்கே இருக்கின்றது? இங்குதான் மலைநாட்டுப் பிரச்சினை வருகின்றது. ட்ரோனை மலையடியிலிருந்து ஏற்றி, புறப்பட்ட இடத்திலிருந்து 100 மீற்றர் என்ற ஒரே மட்டத்தில் பறக்கவிட்டால், 60 மீற்றர் உயர்ந்த சரிவுப் பகுதிக்கு வரும்போது தரைக்கும் ட்ரோனுக்கும் இடையே 40 மீற்றரே இருக்கும். அப்போது படம் காட்டும் பகுதி 60 மீ × 40 மீ ஆகச் சுருங்கிவிடும். 80% ஆக இருந்த மேற்கவிவு 50% ஆகவும், பக்கவாட்டு மேற்கவிவு 70%இலிருந்து 25% ஆகவும் குறையும். படங்கள் சரியாகப் பொருந்தா. ஆகவே சரிவான நிலத்தில் சமவுயரக் கோடுகளைப் பார்த்து, தரையின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ட்ரோனும் ஏறி இறங்குமாறு பாதை அமைக்கப்பட வேண்டும். சமவுயரக் கோடுகளை வாசிக்கும் திறன் பரீட்சைக்கு மாத்திரம் உரியதல்ல என்பது இதனால் விளங்கும்.

இவ்வாறு பெறப்படும் முடிவுகள் இரண்டாகும்.

(அ) திருத்தப்பட்ட வான்பட வரைபடம்: படங்கள் யாவும் இணைக்கப்பட்டு, தூரத்தையும் பரப்பையும் அளக்கக்கூடியதாக இருக்கும்.

(ஆ) உயர மாதிரி: ஒவ்வொரு புள்ளியினதும் உயரத்தைக் காட்டும். இதிலிருந்து சமவுயரக் கோடுகளையும் சரிவின் கோணத்தையும் பெறலாம்.

இவை புவியியல் தகவல் முறைமையினுள் சேர்க்கப்பட்டு, மண், மழைவீழ்ச்சி, வீடுகள், வீதிகள் ஆகிய ஏனைய தகவல்களுடன் அடுக்கடுக்காக வைத்துப் பார்க்கப்படுகின்றன.

7 பேர்ச் காணியை வைத்து ஒப்பிடுவோம்

தோட்ட வீடமைப்பில் நாம் அடிக்கடி கேட்கும் அளவு 7 பேர்ச் ஆகும். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர் என்பதால் 7 பேர்ச் ஏறத்தாழ 177 சதுர மீற்றராகும். சதுரமாக வைத்தால் ஒரு பக்கம் 13.3 மீற்றர்.

1:50,000 இடவிளக்கப் படத்தில்: ஒரு பக்கம் 0.27 மில்லிமீற்றர். பென்சில் முனை வைத்தால் மறைந்துவிடும்.

10 மீற்றர் செய்மதிப் படத்தில்: இரண்டு படப்புள்ளிகளுக்கும் குறைவு.

100 மீற்றர் உயரத்தில் எடுத்த ட்ரோன் படத்தில்: ஏறத்தாழ 2,35,000 படப்புள்ளிகள்.

பெரிய தோட்டத்தைக் காண செய்மதி போதும். ஒரு குடும்பத்தின் காணியைக் காண ட்ரோன் வேண்டும்.

4. மலைநாட்டில் ட்ரோனின் பயன்கள்

4.1 மண்சரிவுக் கண்காணிப்பு

மண்சரிவு ஆய்வுக்கும் முன்னெச்சரிக்கைக்கும் பொறுப்பான நிறுவனம் 1984இல் நிறுவப்பட்ட தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனமாகும். கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை, கேகாலை, இரத்தினபுரி முதலிய மாவட்டங்களுக்கு இந்நிறுவனம் மண்சரிவு அபாய வலய வரைபடங்களை 1:50,000, 1:10,000 அளவுத்திட்டங்களில் தயாரித்துள்ளது. தனித்தனிச் சரிவுகளை ஆராய்வதற்கு இப்போது ட்ரோன்களும் பயன்படுத்தப்படுகின்றன.

ஒரே சரிவை மழைக்கு முன்னும் பின்னும் ட்ரோனால் படம்பிடித்து, இரண்டு உயர மாதிரிகளையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், எங்கே மண் இறங்கியுள்ளது, எங்கே குவிந்துள்ளது, எத்தனை கன மீற்றர் நகர்ந்துள்ளது என்பவற்றை அறியலாம். சரிவு நடந்த பின்னர், மேலே தொங்கிக்கொண்டிருக்கும் மண் மீண்டும் விழுமா என்பதை, மீட்புப் பணியாளரை அங்கே ஏற்றாமலே பார்க்கலாம். 2024 ஜூலை 30ஆந் திகதி கேரளாவின் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை அழித்த மண்சரிவின் பின்னர் தேடுதற் பணியில் ட்ரோன்கள் இவ்வாறு பயன்பட்டன. 2015 நேபாள பூமியதிர்ச்சியின் பின்னரும் சேத மதிப்பீட்டுக்கு ட்ரோன்கள் பறந்தன.

4.2 மண்ணரிப்பும் நீர்த்தேக்கமும்

பன்விலைப் பக்கத்து மலைகளில் பெய்யும் மழை ஹுலு கங்கையில் சேர்ந்து மகாவலிக்குப் போகின்றது. அங்கே 1985இல் திறக்கப்பட்ட, 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணைக்கட்டு உள்ளது. தேயிலை மலையிலிருந்து அரித்துச் செல்லப்படும் மண் எங்கோ மறைந்துவிடுவதில்லை. நீர்த்தேக்கத்தின் அடியில் படிகின்றது. அதனால் நீர் கொள்ளும் அளவு குறைகின்றது. மேலே தோட்டத்துக்கு வளமான மேல்மண் நட்டம். கீழே நாட்டுக்கு நீரும் மின்சாரமும் நட்டம். இதனால்தான் 1951ஆம் ஆண்டிலேயே 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது.

ட்ரோனின் உயர மாதிரியிலிருந்து மழைநீர் எந்த வழியாக ஓடும் என்பதைக் கணினியில் வரையலாம். எந்தக் ‘கான்’ அடைபட்டுள்ளது, எங்கே கல்லணை உடைந்துள்ளது, எந்த இடத்தில் தேயிலைச் செடி இறந்து வெறும் மண் தெரிகின்றது என்பவற்றைக் காணலாம். கான் வெட்டுபவர் நன்கு அறிந்த விடயத்தை ட்ரோன் முழு மலைக்கும் சேர்த்து ஒரே படத்தில் காட்டுகின்றது.

4.3 பயிர்களின் நலம்

நலமான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி ஒளித்தொகுப்புக்குப் பயன்படுத்துகின்றது. கண்ணுக்குத் தெரியாத கிட்டிய செந்நிறக்கீழ்க் கதிரைப் பெருமளவில் தெறிக்கச் செய்கின்றது. நோயுற்ற அல்லது நீரின்றி வாடும் இலையில் இது மாறிவிடும். இவ்விரு கதிர்களையும் அளக்கும் விசேட கமராவை ட்ரோனில் பொருத்தித் தாவரச் சுட்டெண்ணைக் கணிக்கலாம்.

தாவரச் சுட்டெண் = (செந்நிறக்கீழ் − சிவப்பு) ÷ (செந்நிறக்கீழ் + சிவப்பு)

உதாரணமாக, நலமான பயிரில் செந்நிறக்கீழ்த் தெறிப்பு 0.50, சிவப்புத் தெறிப்பு 0.08 எனின், 0.42 ÷ 0.58 = 0.72. வாடிய பயிரில் 0.30, 0.15 எனின், 0.15 ÷ 0.45 = 0.33. சுட்டெண் −1 முதல் +1 வரை அமையும். கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும் முன்னரே கமரா வேறுபாட்டைக் காட்டக்கூடும். தேவையான இடத்துக்கு மாத்திரம் பசளை இட்டால் செலவும் குறையும், நீரோடையில் கலக்கும் இரசாயனமும் குறையும்.

பத்தரமுல்லையில் தலைமையகத்தைக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனம் இலங்கையில் நீர், பயிர் ஆய்வுகளுக்கு ட்ரோன்களைப் பயன்படுத்திய நிறுவனங்களுள் ஒன்றாகும்.

4.4 காடு

பன்விலைக்கு மேலே நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது. காட்டுத் தீயின் எல்லை, மரம் வெட்டப்பட்ட இடம், கைவிடப்பட்ட ஏலக்காய்ப் பகுதிகளில் காடு மீள வளர்கின்றதா என்பன போன்றவற்றை ட்ரோனால் கண்காணிக்கலாம். அதேவேளை அடர்ந்த காட்டின் மேல் பறக்கும் ட்ரோன் பறவைகளைக் கலைக்கக்கூடும் என்பதையும் கவனத்திற் கொள்ள வேண்டும்.

4.5 காணி அளவை

இந்தியாவில் 2020 ஏப்ரல் 24ஆந் திகதி தொடங்கப்பட்ட ஸ்வமித்வா திட்டத்தின்கீழ் கிராமக் குடியிருப்புகள் ட்ரோன்களால் அளக்கப்பட்டு, வீட்டுக்காரருக்குச் சொத்து அட்டை வழங்கப்படுகின்றது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் கையில் காணி உறுதி இல்லாத குடும்பங்கள் நிறைந்த எமது மலையகத்துக்கு இது சிந்திக்க வேண்டிய உதாரணமாகும். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். ட்ரோன் எல்லையை அளக்கும். உரிமையை வழங்குவது சட்டமே.

5. ட்ரோனால் முடியாதவை

பரீட்சையில் பயன்களை மாத்திரம் எழுதிவிட்டு வரையறைகளை விட்டுவிடும் மாணவர் பலர். பின்வருவனவற்றையும் எழுதுங்கள்.

- கடும் மழையிலும் பலத்த காற்றிலும் பறக்க முடியாது. இரண்டாவது இடைப்பருவக்காற்றுக் காலத்திலும் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலும் மண்சரிவு அபாயம் கூடிய அதே வேளையில் ட்ரோன் தரையிலேயே இருக்கும். ஆகவே அது மழைக்கு முன்னும் பின்னும் பயன்படும் கருவியாகும். மழை பெய்யும்போது வழிகாட்டுவது மழைமானியே.
- பனிமூட்டத்தில் படம் தெளிவாக அமையாது.
- சாதாரணக் கமரா தேயிலைச் செடியின் மேற்புறத்தையே காணும். அடியில் உள்ள மண்ணைக் காணாது. லேசர் கதிரால் அளக்கும் லைடார் கருவி இலைகளுக்கிடையே ஊடுருவும். ஆனால் விலை மிக அதிகம்.
- மண்ணுக்குள் நீர் எவ்வளவு ஏறியுள்ளது என்பதை அறிய முடியாது. அதற்குத் தரையில் பொருத்தும் கருவிகள் வேண்டும்.
- பிறரது வீட்டையும் முற்றத்தையும் அனுமதியின்றிப் படம்பிடிப்பது தனியுரிமையை மீறுவதாகும்.

சட்டமும் உண்டு. இலங்கையில் ட்ரோன்கள் 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானச் சேவைச் சட்டத்தின்கீழ் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையால் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னர் அவ்வாண்டு ஏப்ரல் 25ஆந் திகதி முதல் ட்ரோன் பறத்தல் முற்றாகத் தடைசெய்யப்பட்டு, பின்னர் அத்தடை நீக்கப்பட்டது. விளையாட்டுக்காக வாங்கிய ட்ரோன் என்றாலும் விதிகளை அறியாமல் பறக்கவிட வேண்டாம்.

6. தகவல் இருந்தும் நடந்த அனர்த்தம்

2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தையில் உள்ள மீரியபெத்தை தோட்டத்தின் லயன் குடியிருப்புகள் மண்சரிவில் புதையுண்டன. பலர் உயிரிழந்தனர். காலையிலேயே பாடசாலைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் உண்டு. அவர்களுள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

அந்த இடம் ஆபத்தானது என்பது எவருக்கும் தெரியாத ஒன்றல்ல. 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அங்குள்ள மக்களை வேறிடத்தில் குடியமர்த்த வேண்டும் என அறிவுறுத்தியிருந்தது. தகவல் இருந்தது; ஆனால் மக்கள் அகற்றப்படவில்லை. போவதற்குக் காணி வேண்டும், வீடு வேண்டும், வேலைத்தலம் அருகில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் “இங்கிருந்து போங்கள்” என்று மாத்திரம் கூறினால் ஒரு தொழிலாளர் குடும்பம் எங்கே போகும்?

ஆகவே நில முகாமைத்துவம் என்பது மூன்று படிகளைக் கொண்டது. முதலாவது, அபாயத்தைக் காணுதல். இரண்டாவது, அதனை உரியவருக்கு அவரது மொழியில் அறிவித்தல். மூன்றாவது, பாதுகாப்பான மாற்றிடத்தை வழங்குதல். ட்ரோன் உதவுவது முதலாவது படிக்கே. மற்ற இரண்டையும் மனிதரே செய்ய வேண்டும்.

7. நீங்கள் செய்யக்கூடியது

மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று மட்டங்களில் வழங்கப்படுகின்றது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். பொதுவாக 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 மி.மீ. எனின் வெளியேற ஆயத்தமாக வேண்டும்; 150 மி.மீ. அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 மி.மீ. எனின் வெளியேற வேண்டும். ஆனால் கீழ்வரும் அறிகுறிகளைக் கண்டால் அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

- நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு தோன்றுதல் அல்லது பழைய வெடிப்பு அகலமாதல்
- மரங்கள், மின்கம்பங்கள், வேலிகள் சரிதல்
- கதவு, யன்னல் திடீரென இறுகுதல்
- புதிய இடத்தில் ஊற்று தோன்றுதல், இருந்த ஊற்று திடீரென வற்றுதல், தெளிந்த நீர் சேறாக வருதல்

வெடிப்பைக் கண்டால் அதன் இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இடையிலுள்ள தூரத்தை அளந்து, திகதியுடன் கொப்பியில் எழுதுங்கள். இதை மழை இல்லாத வேளையில், பெரியவர் ஒருவருடன் சென்றே செய்ய வேண்டும். தூரம் கூடினால் உடனே வெளியேறி, கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர அழைப்பிலக்கம் 117 ஆகும்.

8. மாணவியின் கேள்விக்கு விடை

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். லயத்துக்குப் பின்னால் உள்ள வெடிப்பு 10 செ.மீ. அகலமானது எனக் கொள்வோம். 1:50,000 படத்தில் அது தெரியாது. 10 மீற்றர் செய்மதிப் படத்திலும் தெரியாது. 100 மீற்றர் உயரத்தில் எடுத்த ட்ரோன் படத்தில் ஏறத்தாழ 4 படப்புள்ளி அகலத்தில் தெரியலாம். ஆனால் புல்லோ தேயிலையோ மூடியிருந்தால் அதிலும் தெரியாது. மேலும், அந்த மலைக்கு ட்ரோனை அனுப்ப வேண்டும் என யாராவது முதலில் கூற வேண்டும்.

அதைக் கூறக்கூடியவர் அந்த வெடிப்பைத் தினமும் கடந்து பாடசாலைக்கு வரும் மாணவியே. அவரிடம் நான் இப்போது கூறும் விடை இதுதான்: “மெப்பில் இல்லாமல் இருக்கலாம். நீ அறிவித்தால் அது மெப்பில் வரும். அதுவரை மழை நாளில் அந்த வீட்டில் உறங்க வேண்டாம்.”

9. பரீட்சைக்கான பயிற்சி

வினா 1: செய்மதிப் படத்துடன் ஒப்பிடும்போது ட்ரோன் படத்தின் அனுகூலங்கள் இரண்டு தருக.
விடை: (i) படப்புள்ளியின் தரை அளவு சில சென்ரிமீற்றர் என்பதால் சிறிய அம்சங்களும் தெரியும். (ii) முகிலுக்குக் கீழே, வேண்டிய நாளில் பறக்கவிடலாம்.

வினா 2: சரிவான நிலத்தில் ட்ரோனை ஒரே மட்டத்தில் பறக்கவிடுவதால் ஏற்படும் பிரச்சினையை விளக்குக.
விடை: சரிவு உயரும் இடத்தில் தரைக்கும் ட்ரோனுக்கும் இடையிலான தூரம் குறையும். ஒவ்வொரு படமும் காட்டும் பரப்புச் சுருங்கும். மேற்கவிவு குறைவதால் படங்களை இணைத்து உயரத்தைச் சரியாகக் கணிக்க முடியாது.

வினா 3: “மண்சரிவு அனர்த்தத்தைக் குறைக்கத் தொழினுட்பம் மாத்திரம் போதாது.” உதாரணத்துடன் விளக்குக.
விடைக்கான குறிப்பு: மீரியபெத்தை, 2014 - முன்னர் வழங்கப்பட்ட அறிவுறுத்தல்கள் (2005, 2011) - மாற்றுக் காணி, வீடு இன்மை - காணுதல், அறிவித்தல், மாற்றிடம் வழங்குதல் என்ற மூன்று படிகள்.

நீங்களே விடை எழுதுக:

4. 80 மீற்றர் உயரத்தில் ஒரு ட்ரோன் 120 மீ × 80 மீ பகுதியைப் படம்பிடிக்கின்றது. மேற்கவிவு 75% எனின், பறக்கும் திசையில் எத்தனை மீற்றருக்கு ஒரு படம் எடுக்க வேண்டும்? (பறக்கும் திசை 80 மீற்றர் பக்கமாகும்.)

5. உங்கள் வீட்டிலிருந்து பாடசாலை வரையுள்ள பாதையைப் பருமட்டாக வரைந்து, அதில் சரிவான இடங்கள், நீரோடைகள், வெடிப்புகள், பாதுகாப்பான கட்டடங்கள் ஆகியவற்றைக் குறிக்க. அதனை வீட்டாருக்குக் காட்டி, மழை நாளில் எந்த வழியால் வெளியேறலாம் எனக் கலந்துரையாடுக.

நான்காம் வினாவின் விடை 20 மீற்றர். ஐந்தாம் வினாவுக்குப் புள்ளித்திட்டம் இல்லை. ஆயினும் அதனை முதலில் செய்யுங்கள்.